தண்ணிக்குள்ள நின்ன அஸ்திவாரம்

— காலை வைக்காதீங்க மேஸ்திரி! அங்கதான் அஞ்சாவது கண்ணாடி.

— எங்க? எல்லாத்தையும் சேறு மூடியிருக்கே இன்ஜினியரம்மா.

— உங்க இடது கால் பக்கத்துல. கையால தடவுங்க. மெதுவா.

— இருங்க... ஆங், இருக்கு. முழுசா இருக்கு. ஒரு கீறல் கிடையாது.

— நல்லாப் பார்த்தீங்களா?

— என் கண்ணு இன்னும் அவ்வளவு மோசமாகல. பழைய கான்க்ரீட்டுக்கும் அதைச் சுத்திப் போட்ட புது வளையத்துக்கும் நடுவுல இதை ஒட்டச் சொன்னப்ப, செல்போன் டவருக்கு நகை போடறீங்களான்னு கேட்டேன். இப்ப வாபஸ் வாங்கிக்கறேன்.

— அடி ஒரு மயிரிழை எழும்பியிருந்தாலும் கண்ணாடி உடைஞ்சிருக்கும். அதுக்குத்தான். ஆறாவதைப் பாருங்க.

— ஆறாவது... உடைஞ்சிருக்கே.

— என்னது?

— பதறாதீங்க, பதறாதீங்க. இப்பத்தான் என் பூட்ஸுக்கு அடியில டக்குன்னுச்சு. நான்தான் மிதிச்சேன்.

— மேஸ்திரி! எனக்கு உசுரே போயிடுச்சு.

— எனக்கு மட்டும் போகலையா? வேணும்னா மிதிச்ச பூட்ஸை ஆபீஸுக்கு அனுப்பி வைக்கறேன்.

— சிரிக்காதீங்க. அந்தக் கருவியை இந்தப் பக்கம் தூக்கிட்டு வாங்க. டவரோட உச்சி எவ்வளவு சாஞ்சிருக்குன்னு அளக்கணும்.

— யோவ் மேஸ்திரி! என் வீட்டு வாசல்ல என்னய்யா மண்டி போட்டுக்கிட்டு இருக்கே?

— வாங்க டெய்லரக்கா. வெள்ளத்துக்கு ஒதுங்கின ஸ்கூல்லேர்ந்து அதுக்குள்ள கிளம்பியாச்சா? இடுப்புல தையல் மெஷின் வேற!

— பின்ன, அதை அங்க விட்டுட்டு வரவா? குட்டிப் பிள்ளைங்க உட்கார்ற பெஞ்சுல இந்த உடம்பைத் திணிச்சு உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போச்சு. என் வீடு இருக்கா? அதைச் சொல்லு.

— கண்ணு முன்னாடிதானே இருக்கு.

— டவரு?

— தலையைத் தூக்கிப் பாருங்க.

— மாட்டேன். இந்தப் பொண்ணு சொல்லட்டும். கண்ணு, நிக்குதா?

— நிக்குதுக்கா. கொஞ்சம் பொறுங்க, அளந்துட்டுச் சொல்றேன்... மேஸ்திரி, போன வாரம் எவ்வளவு எழுதினோம்?

— பதினோரு எம்எம்.

— இப்பவும் பதினொண்ணு.

— அட! ராத்திரி அடிச்ச அந்தக் காத்துக்குமா?

— ஆமா. காத்துல கம்பம் ஆடலாம், ஆடட்டும். அடி ஆடக் கூடாது. அடி ஆடல மேஸ்திரி. ஆடவே இல்ல.

— அழறீங்களா?

— இல்ல. கண்ணுல சேறு பட்டுடுச்சு.

— ரெண்டு கண்ணுலயுமா?

— யோவ், அவளை விடுய்யா. அழட்டும். கண்ணு, இந்தா, இது நேத்து தைச்ச துணி, சுத்தமா இருக்கு, துடைச்சுக்கோ.

— அக்கா, உங்களாலதான் இது நிக்குது. தெரியுமா?

— என்னாலயா? நான் இதுக்குக் கொடுத்த சாபம் கொஞ்சமா நஞ்சமா?

— உங்க சுவத்துல முழங்கால் உயரத்துல காவி கலர்ல ஒரு கோடு இருந்துச்சே. பெயிண்டான்னு கேட்டேன்.

— பெயிண்டாம் பெயிண்டு! மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணி வந்து போட்டுட்டுப் போற கோடு. கேட்டதும் சுவத்தோரமாக் குத்த வச்சு அந்தக் கோட்டை அளக்க ஆரம்பிச்சே. பாவம், பைத்தியமோன்னு நினைச்சேன்.

— இங்க மண்ணைச் சோதிச்சவங்க கோடையில வந்தாங்க. தோண்டின ஆழம் வரைக்கும் தண்ணியே இல்லன்னு எழுதிக் கொடுத்தாங்க. அந்தக் காகிதத்தை நம்பிக் கணக்குப் போட்டவ நான்.

— தண்ணி வந்தா என்ன? கான்க்ரீட் என்ன கரைஞ்சா போயிடும்?

— கரையாது, லேசாயிடும். குளத்துக்குள்ள கிடக்கற பாறாங்கல்லைப் புரட்டியிருக்கீங்களா? தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் புரளும். கரையில அசைக்க முடியாது. நூறு கிலோ கான்க்ரீட் தண்ணிக்குள்ள அறுபது கிலோகூட இல்ல. இவ்வளவு உயரக் கம்பத்தைக் காத்து தள்ளறப்ப, கவிழாம பிடிச்சு வைக்கறது அடியில இருக்கற எடையும் அதோட அகலமும்தான். அந்த எடையில கிட்டத்தட்டப் பாதியைத் தண்ணி வாங்கிக்கிட்டா?

— ஐயோ. அது தெரியாம நான் பாட்டுக்கு அதோட நிழல்ல உட்கார்ந்து பட்டன் தைச்சுக்கிட்டு இருந்தேன்.

— அதான் சுத்தி வளையம் போடச் சொன்னேன்.

— சொன்னாங்களா? என் உசுரை எடுத்தாங்கக்கா! பழைய கான்க்ரீட்ல தொண்ணூத்தாறு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலயும் கம்பி, பசை. ஒவ்வொண்ணையும் இழுத்துப் பார்த்தாங்க. என் ஆளுங்க இவங்களுக்கு வச்ச பேரு என்ன தெரியுமா? பல் டாக்டர்.

— அதெல்லாம் பரவாயில்ல மேஸ்திரி. தப்பு என்னோடதுன்னு லெட்டர் எழுதினப்ப ஆபீஸ்ல வச்ச பேரைக் கேட்டா நீங்க தாங்க மாட்டீங்க. இப்ப எந்த டிராயிங்லயும் நான் கையெழுத்துப் போடக் கூடாது.

— இன்னைக்கு அவங்க முகத்துல கரியைப் பூசிடலாமே. இவ்வளவு வெள்ளம், இவ்வளவு காத்து, அப்படியே நிக்குது!

— அவங்க வேற மாதிரி சொல்லுவாங்க. பார்த்தியா, வளையம் இல்லாட்டியும் நின்னிருக்கும், வீணா எங்களைப் பயமுறுத்தினியேன்னு.

— அது எப்படிச் சொல்ல முடியும்?

— ஏன் முடியாது? விழாத ஒண்ணை வச்சு எதை நிரூபிக்கறது? உண்மையைச் சொன்னா எனக்கே தெரியாது. கணக்குல ஒரு நூல் மிச்சம் இருந்துச்சு. அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாலும் நின்னிருக்கும்.

— இந்தா கண்ணு, நூலைப் பத்தி என்கிட்டச் சொல்லாதே. முப்பது வருஷமா நூல்லதான் குடித்தனம். ஒத்தை நூலை நம்பி எவளும் துணி உடுத்த மாட்டா. நான் உள்ள போய் சேத்தை வழிக்கறேன்.

— போங்கக்கா. மேஸ்திரி, உங்களுக்கு போன்ல லைன் கிடைக்குதா?

— காலையிலேர்ந்து இல்ல. யாருக்குப் போடணும்?

— ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டவர் இருக்கு. இதே டிராயிங். இதே அஸ்திவாரம். வளையம் மட்டும் இல்ல.

— என்னம்மா சொல்றீங்க? அங்க ஏன் போடல?

— ரெண்டுக்கும்தான் எழுதினேன். ஒண்ணுக்குத்தான் அனுமதி கிடைச்சுது. அதை மழை முடிஞ்சு பார்த்துக்கலாம்னுட்டாங்க. நேத்து மதியம் அங்கதான் இருந்தேன். சுத்தி இருக்கற ஒவ்வொரு வீடாக் கதவைத் தட்டினேன். என் தப்பு, இது விழலாம், கிளம்புங்கன்னு சொன்னேன். ஒருத்தர் நாயை அவுத்து விட்டாரு. ஒரு அம்மா, காத்தைப் பார்த்துக் குழந்தைங்ககூடப் பயப்படல, நீ என்னம்மான்னு கேட்டாங்க. கிளம்பினாங்களா இல்லையான்னு பார்க்கறதுக்குள்ள பாலத்தை மூடறோம்னு போலீஸ்காரங்க விரட்டிட்டாங்க.

— என் மச்சான் அங்கதான் பால் வண்டி ஓட்டறான். இருங்க, போட்டுப் பார்க்கறேன்... அட, இப்ப அடிக்குது... ஹலோ, மச்சான்? அந்த டவர் பக்கம் போனியா?... எப்ப?... அடியோடயா?... எத்தனை வீடு?... உள்ள ஆளு?... மச்சான், வாயில வந்ததைச் சொல்லாதே, நீயே கண்ணால பார்த்தியா?... சரி. சரி, வைக்கறேன்.

— மேஸ்திரி.

— அந்தச் சிமெண்டுக் கல்லு மேல உட்காருங்க முதல்ல.

— சொல்லுங்க.

— விழுந்துடுச்சும்மா. அஸ்திவாரத்தையும் பேத்துக்கிட்டு, நாலு வீட்டுக் கூரை மேல நீட்டிப் படுத்துக் கிடக்குதாம். நாலு வீட்டுக் கதவுலயும் வெளிப்பக்கமாப் பூட்டுத் தொங்குதாம்.