மூன்று தீ அணையும் நாள்

மழை பெய்தால் எங்கள் பக்கம் டீவியில் படம் சரியாக விழாது. வெள்ளைப் புள்ளிகளுக்குள் ஆட்கள் நிழல் மாதிரி நடமாடுவார்கள், குரல் மட்டும் கேட்கும். அப்போதும் நான் விடமாட்டேன். இப்போது குதிரையில் வருகிறான், இப்போது குறிசொல்லி கையை நீட்டுகிறாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். நீங்கள் சட்டத்தரணி, கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்து வீரய்யா வாத்தியாரைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் டீவியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் இந்தத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். என் பெயர் அழகர் என்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும், எல்லாருக்கும் கிளாக்கர் ஐயாதான். தோட்டத்து வேலையாட்கள் குடியிருக்கும் லயங்களில் அப்போது கரண்ட் கிடையாது. தேயிலை ஸ்டோருக்கு வந்த கரண்டிலிருந்து எங்களைப் போன்ற உத்தியோகத்தர் வீடுகளுக்கு மட்டும் கம்பி இழுத்திருந்தார்கள். அதனால் டீவி என்றால் என் வீடு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லயத்து ஆட்கள் குளித்து, தலை சீவி, என் வீட்டு விறாந்தையில் சாக்கு விரித்து உட்காருவார்கள். நானும் என் மனைவி ஜெயலெட்சுமியும் கதிரையில் இருப்போம். யாரையும் நான் வரவேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்த நாட்களில் ஓடிய இங்கிலீஷ் தொடர் ஒன்றுக்குப் பனிக்கோட்டை என்று பேர் வைத்திருந்தோம். மலைமேல் ஒரு கோட்டை. அதன் கதவை எந்தப் படையாலும் திறக்க முடியாது. உள்ளே மூன்று தீ எரிகிறது, வாசலில் ஒன்று, கொல்லன் பட்டறையில் ஒன்று, ராஜா மண்டபத்தில் ஒன்று. அவை எரியும்வரை மந்திரம் கதவைப் பூட்டி வைத்திருக்கும். முதல் வாரமே கண் தெரியாத ஒரு குறிசொல்லி வந்து வாக்குச் சொல்லிவிடுகிறாள். அதை நான் இப்படித் தமிழில் சொன்னேன்: மூன்று தீ அணையும் நாளில், முடியிழந்த இளவரசன் கோட்டையைத் திறப்பான்.

அந்த வாக்கு தோட்டத்தையே பிடித்துக்கொண்டது. மலையில் கொழுந்து பறிக்கும்போதும் அதே பேச்சுத்தான். மூன்று தீ என்பது ராஜாவின் மூன்று பிள்ளைகளுடைய உயிர் என்று பெரியாயி சொன்னாள். நல்ல வாயாடி, நிரைக்கு நிரை அவள் குரல்தான் கேட்கும். குறிசொல்லிதான் எல்லாச் சூனியத்தையும் செய்கிறாள், கண் தெரியாததுகூடப் பொய் என்றார் கங்காணி. துணி மூட்டையோடு ஏறிவரும் ஸலீம் நானாகூட மூட்டையை அவிழ்க்காமல் நின்று ஒரு விளக்கம் சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போதே, "ஐயா, அந்த இளவரசன் எப்பங்க திரும்பி வருவான்?" என்று கேட்பார்கள். வருவான், பொறுத்திருங்கள் என்பேன்.

வீரய்யா அந்த வருஷம்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நமது ஆள்தான், கொஸ்லந்தப் பக்கத்து லயத்தில் பிறந்தவர். மனைவி இராக்கம்மா கொழுந்து பறித்தாள். முதல் நாள் அவர் வந்தபோது நான் உள்ளேயிருந்து இன்னொரு கதிரை எடுத்துவரச் சொன்னேன். வேண்டாம் என்று சாக்கில் போய் உட்கார்ந்துகொண்டார். வந்த கதிரை படம் முடியும்வரை காலியாகவே கிடந்தது. ஒரு உத்தியோகத்தர் அப்படிச் செய்வது அழகில்லை என்று ஜெயலெட்சுமியிடம் பிறகு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சில வாரம் கழித்துக் குறிசொல்லி மறுபடி வந்து அதே வாக்கைச் சொன்னாள். நானும் அதையே தமிழில் சொன்னேன். சாக்கிலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. அவ முடியிழந்தவன்னு சொல்லலைங்க. முடியில்லாதவன்னுதான் சொல்றா. இளவரசன்னே வார்த்த வரல."

"முடியில்லாதவன்னா மொட்டையா வாத்தியாரே?" என்றாள் பெரியாயி. விறாந்தை முழுவதும் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார்.

"மொட்ட இல்ல, கிரீடம் இல்லாதவன். அதுலயும் ஒருத்தனா பல பேரான்னு அந்த இங்கிலீஷ் வார்த்தைய வச்சுச் சொல்ல முடியாது. முடியில்லாதவங்கன்னும் எடுத்துக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற பழக்கம் எனக்கு இல்லை. கரண்ட் கூடிக் குறைகிறது, பெட்டி பழுதாகிவிடும் என்று சொல்லி டீவியை நிறுத்தினேன். ஆட்கள் எழுந்து சாக்கைச் சுருட்டினார்கள். ஆனால் போகவில்லை. வாசல் படிக்கட்டில் வாத்தியாரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நான் உள்ளே இருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது.

"மந்திரம்னு ஒன்னும் இல்ல" என்றார் அவர். "அந்த மூணு தீயும் தானா எரியுதா? வெறகு வெட்றது யாரு? சொமக்கிறது யாரு? ராத்திரி முழிச்சிருந்து ஊதுறது யாரு? கோட்டையில வேல செய்ற ஆளுங்க. அவங்க ஒரு நாளைக்கிக் கையக் கட்டிக்கிட்டு நின்னா மூணும் அணைஞ்சிரும். கதவு தானாத் தொறந்துக்கும். குறிகாரி சொன்னது அதத்தான்."



"அப்ப நம்ம மாதிரி ஆளுங்கதான் அந்த முடியில்லாதவங்களா?" என்றாள் பெரியாயி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அந்த மௌனத்தை நான் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாராவாரம் தொண்டை வறள மொழிபெயர்த்தவன் நான். எனக்கு அவர்கள் ஒருநாளும் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

அடுத்த ஞாயிறு டீவி பழுது என்று சொல்லியனுப்பினேன். கெஞ்சிக்கொண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. வாத்தியார் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், ஸலீம் நானாவின் மச்சான் கடையில் நின்று படத்தைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் பின்னேரம் லயத்து முன்னால் முழுக்கதையும் சொல்லியிருக்கிறார். குதிரை மாதிரி கனைத்தும் காட்டினாராம். அதற்கடுத்த வாரம் பெட்டி சரியாகிவிட்டது என்று ஆள்விட்டேன். விறாந்தையில் வந்து உட்கார்ந்தது ஒரு நாய். லயத்துப் பிள்ளைகள் கரியால் சுவரெல்லாம் கோட்டை வரைந்தார்கள், மூன்று தீயோடு, திறந்த கதவோடு. என் வீட்டு மதில்மேலும் வரைந்தார்கள். நானே துடைப்பமும் தண்ணீரும் எடுத்துக் கழுவினேன். போகவில்லை. கை தோல் உரியும்வரை தேய்த்தேன், போகவில்லை.

அந்த வருஷம் நாடு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். வடக்கில் சண்டை. எங்கள் பக்கமும் ராணுவம் முகாம் போட்டிருந்தது. சந்தேகம் என்றால் கூட்டிக்கொண்டு போவார்கள், சில பேர் திரும்புவார்கள். முகாமிலிருந்து ஒரு அதிகாரி தோட்டத்துக்கு வந்து, வெளி ஆட்கள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று ஆபீஸில் விசாரித்தார். மரியாதையான மனிதர். தேத்தண்ணீர் கொடுத்தேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். புதிதாக வந்தவர் யார் என்று கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார் என்றேன். என்ன மாதிரி ஆள் என்றார்.

லயத்து ஆட்களைக் கூட்டி வைத்துப் பேசுவார் என்றேன். என்ன பேசுவார் என்று கேட்டார். மூன்று தீ அணையும் நாளில் கோட்டை திறக்கும் என்று பேசுவார், முடியில்லாதவர்கள் அதைத் திறப்பார்கள் என்பார், வேலையாட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும் என்பார் என்று சொன்னேன். ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. எந்தக் கோட்டை என்று அவர் கேட்டார். அதை வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். பிறகு லயத்துச் சுவர்களைப் பார்க்க விரும்புகிறாரா என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனேன். அவர் அந்தக் கரிப் படங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவருடைய முகாமுக்கும் ஒரு பெரிய வாசல் இருந்தது.

பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே வாத்தியாரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வெண்கட்டி பிடித்த கையோடு ஜீப்பில் ஏறினார் என்று சொன்னார்கள்.

அன்றைக்கே இராக்கம்மா என் வீட்டுக்கு வந்தாள். விறாந்தையில் ஏறாமல் கீழே நின்றாள்.

"ஐயா, அது டீவிக் கதைன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். உங்களுக்குத்தான் அவங்க பாஷ தெரியும். உங்க வீட்டு டீவிதானுங்களே."

பார்க்கலாம் என்றேன். அவள் அழவில்லை. என்னை ஏசியிருந்தாலும் பரவாயில்லை, கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அவள் வேலைக்கு வராததை நான் வந்ததாகப் போட்டேன். இதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

உண்மையில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் உள்ளே இருந்தால் மனிதருக்குக் கொஞ்சம் அடக்கம் வரும், பிறகு நானே போய்ச் சொல்லிக் கூட்டிவரலாம், லயத்து ஆட்களும் அதைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இடையில் ஞாயிறு வந்தது. பனிக்கோட்டையின் கடைசி வாரம்.

நானும் ஜெயலெட்சுமியும் மட்டும் பார்த்தோம். வானம் வெளித்திருந்தது, படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. இளவரசன் படையோடு வந்து வாசலில் கத்தினான். கதவு அசையவில்லை. உள்ளே விறகு சுமக்கும் பெண் ஒருத்தி சுமையைக் கீழே போட்டாள். அடுத்தவன் போட்டான். ஒவ்வொருவராகப் போட்டார்கள். தீ ஒவ்வொன்றாகச் சுருங்கி அணைந்தது. கதவு திறந்துகொண்டது. இளவரசன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாத்தியாரு சொன்ன மாதிரியேதாங்க ஆச்சு" என்றாள் ஜெயலெட்சுமி. சந்தோஷமாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அன்று அவள் பேசவில்லை. கன்னம் வீங்கியிருந்ததைப் பற்றிக் கேட்டவர்களிடம் பல்வலி என்று சொன்னாள். டீவியின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, நான் விறாந்தையில் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கை எரிந்தது, ஞாபகம் இருக்கிறது. ஆனால் எனக்குக் கோபம் இல்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். களைத்திருந்தார். இது ஏதோ டீவி நாடகம், கிளாக்கர்தான் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார், அவரைக் கேளுங்கள் என்று அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்றார். எவ்வளவு கேட்டும் வேறெதுவும் சொல்லவில்லை, நாடகமாக இருந்தால் விட்டுவிடலாம், எனக்கும் வேலை குறையும் என்றார். அப்படி விட்டுவிடும் மனநிலையில்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

என்னிடம் டீவி இருக்கிறது, செய்தி பார்ப்போம், அப்படி ஒரு நாடகம் எனக்குத் தெரியாது என்றேன்.

அவர் விடவில்லை. லயத்து ஆட்களையும் கேட்க வேண்டும், நீ வந்து பாஷை சொல் என்றார். போனோம். பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டினார்கள். பெரியாயிக்குச் சிங்களம் கடையில் உப்புப் புளி வாங்குகிற அளவுக்குத்தான் வரும், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. பெரியாயி முன்னால் வந்து கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள்.

"ஐயா, அது டீவியில வர்ற கதைங்க. கிளாக்கர் ஐயா வீட்ல நாங்க எல்லாரும் பாத்தோம். வாத்தியாரு நல்ல மனுசன். கதைக்கித்தான் அர்த்தம் சொன்னாரு."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். வாத்தியார் சொன்ன நாள் சீக்கிரம் வரும், அன்றைக்குத் தீயை அணைக்கத் தாங்கள் தயார் என்று சொல்கிறாள், என்றேன்.

கங்காணியும் சொன்னார். இராக்கம்மாவும் சொன்னாள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல நான் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், முன்பெல்லாம் பார்த்த மாதிரி. நான் பேசி முடிக்கும்வரை ஒரு சத்தம் இல்லை. முடிந்ததும் பெரியாயி என்னைப் பார்த்து, "நல்லா எடுத்துச் சொன்னீங்களா ஐயா?" என்றாள். சொன்னேன் என்றேன்.

அதிகாரி ஜீப்பில் ஏறினார். வீரய்யாவை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. முகாமில் கேட்டால் அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்கிறார்கள். கொண்டுபோனார்கள், நான் சொல்லித்தான் கொண்டுபோனார்கள். திருப்பி அனுப்ப வந்தபோதும் நான் சொல்லித்தான் அனுப்பாமல் விட்டார்கள். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் இராக்கம்மாவிடம் சொல்ல வேண்டும். வாத்தியார் திரும்பி வந்திருந்தால், கதை அவர் சொன்னபடிதான் முடிந்தது என்று எல்லார் முன்னாலும் நானே ஒத்துக்கொண்டிருப்பேன். பிடிவாதம் பிடிக்கிற ஆள் இல்லை நான்.