கைப்பைக்குள் போன கோழி

— மாவுல சுட்ட புட்டிங்கையும் கறியையும் ஒரே தட்டுல கொட்டிக் கொண்டாந்து வெச்சிருக்காளே, இந்தப் பரிமாறற பொண்ணு யார்க்‌ஷயர்லதான் பொறந்தாளா? முதல்ல புட்டிங், அது மேல கிரேவி. அதைச் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் கறி. எங்க வீட்ல என்னிக்கும் அதுதான்.

— இது ஸ்டேக் கடை, அத்தை. ஞாயித்துக்கிழமை ரோஸ்ட் கறியை இங்க எல்லாருக்கும் இப்படித்தான் குடுப்பாங்க.

— எல்லாரும் கிணத்துல விழுந்தா நானும் விழணுமா?

— சாப்பிடுங்க. ஆறிடும்.

— என் பிள்ளை வரட்டும். சாப்பாட்டு நேரத்துல எவன்கிட்ட இவ்வளவு நேரம் போன் பேசறான்?

— வருவார்.

— முப்பத்தோரு வருஷம். கிரெய்க்குக்குப் பல்லு முளைச்சதுலேருந்து ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கு என் மேசையிலதான் அவனுக்குச் சாப்பாடு. அவங்கப்பா செத்த வாரம்கூட என் அடுப்பு பத்தாம இருந்ததில்ல. இன்னிக்கு என்னைக் கூட்டிட்டு வந்து கடையில உக்கார வெச்சிருக்க. கெட்டிக்காரிதான் நீ, பெத்தனி.

— கூப்பிட்டது அவர்.

— சொல்லிக் குடுத்தது யாரு?

— ஆமா, நான்தான் சொன்னேன். போதுமா?

— அப்பாடி, வந்துருச்சு. கல்யாணமாகி நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் வாயிலேருந்து ஒரு உண்மை வந்திருக்கு.

— மன்னிக்கணும் மேடம், எல்லாம் நல்லா இருக்கா? இன்னும் கொஞ்சம் கிரேவி கொண்டு வரட்டுமா?

— இதுக்குப் பேரு கிரேவியாம்மா? கண்ணுக்கு விடற சொட்டு மருந்து மாதிரி இத்தனூண்டு கிண்ணத்துல. ஜாடி நிறையக் கொண்டு வா, போ.

— அந்தப் பொண்ணு உங்களை என்ன பண்ணிச்சு? மெதுவாப் பேசுங்க அத்தை. பக்கத்து மேசையில திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும். போன வாரம் என் மேசையில நீ பண்ணினதை நான் பாக்கலியா?

— நான் என்ன பண்ணினேன்?

— கோழியை டிஷ்யூவுல சுருட்டிக் கைப்பைக்குள்ள போட்டுக்கிட்ட. ஒரு துண்டுகூட வாயில வெக்கல. கண்ணாடி அலமாரியில உன் கை நல்லாத் தெரிஞ்சுது. என் கோழியை எங்க தெரு நாய்கூட வேணாம்னு சொன்னதில்ல, தெரியுமா?

— அத்தை, அதை விட்டுடுங்க.

— ஏன் விடணும்? என் சமையல் உனக்கு எளப்பமாப் போச்சு. என் பிள்ளை ரெண்டு தடவை வாங்கித் தின்னான். அவனைப் பாத்தாவது உனக்கு வெக்கம் வந்திருக்கணும்.

— விட்டுடுங்கன்னு சொல்றேன்ல.

— அவனுக்கும் எனக்கும் மிச்சம் இருக்கறது இந்த ஒரு வேளைச் சாப்பாடுதான். அதையும் பிடுங்கிட்டா ஏழு நாளும் நான் செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதானே உனக்கு வேணும்? சொல்லிடு இன்னிக்கு.

— கோழி வேகல, அத்தை.

— என்னது?

— உள்ள ரத்தம். உங்க பிள்ளை கத்தி வெச்சதும் எலும்புகிட்டேருந்து வடிஞ்சுது. பத்து மணிக்கே அடுப்புல வெச்சிட்டேன்னு சொன்னீங்க. நாங்க பன்னெண்டரைக்கு வந்தப்ப அது பாத்திரம் கழுவற தொட்டிக்குப் பக்கத்துல பச்சையா இருந்துச்சு. நீங்க மாடியில துணி மாத்திட்டிருந்தீங்க. நான்தான் அடுப்புல தள்ளினேன். ஒரு மணி ஆனதும் நீங்க வந்து எடுத்து மேசையில வெச்சிட்டீங்க.

— பொய்.

— நீங்க இப்படி மறந்து போறது இது மூணாவது தடவை.

— வாயை மூடு. ரேடியோவுல பிரார்த்தனை முடியறப்ப வெச்சேன். எப்பவும் அப்பத்தான் வெப்பேன்.

— எப்பவும் வெப்பீங்க. போன வாரம் வெக்கல.

— அப்போ கிரெய்க்கு? அவன் தின்னானே. நல்லா இருக்கும்மான்னு சொன்னானே.

— சொன்னார். மேசைக்குக் கீழ அவர் காலைப் போட்டு மிதிமிதின்னு மிதிச்சேன். கேக்கல. மறுநாள் வயித்தால போய் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தார். உங்ககிட்ட சளிக் காய்ச்சல்னு சொல்லச் சொன்னார்.

— சளிக் காய்ச்சல்னுதான் சொன்ன நீ.

— இப்ப அவர் போன்லயும் பேசல, அத்தை. வெளிய வண்டிக்குள்ள உக்காந்திருக்கார். அம்மா மூஞ்சியைப் பாத்து என்னால சொல்ல முடியாது, நீ சொல்லிடுன்னுட்டார். என்னாலயும் முடியல. அதான் நீங்க திட்டத் திட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

— ரத்தத்தோடயா தின்னான்?

— ரெண்டு தடவை வாங்கி.

— கூறு கெட்டவன். போ, போய் அவனைக் கூட்டிட்டு வா. இந்தக் குளிர்ல வண்டிக்குள்ள விறைச்சுப் போயிடப் போறான்.

— நீங்க அழறீங்க.

— கிரேவி ஆவி கண்ணுல அடிக்குது. போடி.

— அம்மா. பெத்தனி எல்லாம் சொன்னாளாமே. நான் நேர்ல வந்து சொல்லியிருக்கணும்...

— உக்காருடா கிரெய்க். கறியை வெட்டு. இது வெந்திருக்கு, நான் பாத்துட்டேன்.

— இனிமே வாரா வாரம் இந்த மாதிரி எங்கயாவது வெளிய போயிடலாம்மா. நீ கஷ்டப்பட வேணாம்.

— கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வர்ற ஞாயிறு உங்க வீட்ல. இவ சமைக்கட்டும். நான் ஒரு மணிக்கு வந்து உக்காந்து குறை சொல்றேன்.