பக்கத்து வீட்டுக் கஞ்சி

ஓம் இன்ஸ்பெக்டர் சேர், இடையிலை மதில் ஒண்டுதான். நிஸ்தாரின்ரை தையல்கடை எரியேக்கை புகை எங்கடை குசினிக்குள்ளைதான் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம். கடையைப் பூட்டிப்போட்டு அந்தாள் தொழப் போற நேரம். கொடிகாமத்திலை அது ஆருக்குத்தான் தெரியாது?

சண்டையோ? ஐயோ, ஒரு நாளும் இல்லை. முஸ்லிம் ஆக்களெண்டு அவையளைத் தொண்ணூறிலை புலியள் துரத்தினது, புத்தளத்திலையிருந்து திரும்பி வந்து இப்ப எட்டு வருசம். வந்த புதிசிலை ஒருத்தரும் வாடகைக்கு வீடு குடுக்கேல்லை. எங்கடை பின்வீடும் சும்மாதான் கிடந்தது. மச்சம் காய்ச்சுவினம், நாங்கள் சைவம் எண்டு சாட்டுச் சொல்லிவிட்டம். பிறகு பக்கத்து வளவு விலைக்கு வர, வாங்கிச்சினம்.

நிஸ்தாரின்ரை பெஞ்சாதி பரீதா தங்கமான பொம்பிளை சேர். நோம்புக்கு நோம்பு கஞ்சி தருவா. எங்களுக்கெண்டு புதுச்சட்டி வாங்கி, இறைச்சி போடாமல், புறம்பாக் காய்ச்சித் தருவா. நானும் சிரிச்சுக்கொண்டு வாங்குவன். வெறும் பாத்திரம் குடுக்கக்கூடாதெண்டு சீனி போட்டுத் திருப்பிக் குடுப்பன்.

குடிச்சனாங்களோ? இல்லை சேர். கிணத்தடி வாழைக்கு ஊத்துவன். எட்டு வருசமும் அப்பிடித்தான். ஊத்திப்போட்டுச் சவுக்காரம் போட்டுக் கையும் கழுவுவன். முதல்முறை ஊத்தேக்கை என்ரை மகனுக்குப் பத்து வயது. ஏனம்மா ஊத்துறியள் எண்டு கேட்டான். அவையின்ரை சாப்பாடு எங்களுக்கு ஆகாது, வெளியிலை சொல்லிப்போடாதை எண்டன்.

ஈஸ்டர் குண்டு வெடிச்ச நேரம் ஊரே அவையளை முறைச்சுப் பாத்தது. நான் மட்டும் என்ன? பரீதா பையோடை படலைக்கு வர, பைக்குள்ளை என்ன கிடக்கெண்டுதான் முதல் பாத்தன். பாவம், முருங்கைக்காய் கொண்டுவந்தவ.

உந்தக் காவித்துண்டுப் பெடியளோ? போன வருசந்தொட்டுத்தான். முஸ்லிம் கடையிலை வாங்காதையுங்கோ எண்டு நோட்டீஸ் குடுத்தவை. எனக்கும் ஒண்டு கிடைச்சது. கிழிச்செறியேல்லை சேர், மடிச்சு வைச்சிட்டன். ஆரோ வெளியாக்கள் வந்து பெடியளுக்கு வெறியேத்திப்போட்டினம் எண்டு சனம் கதைக்குது. நானும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.

முன்கதவு பூட்டின கடைக்குள்ளை பரீதாவின்ரை சின்ன மகள் இருந்தவள் சேர். சட்டைக்குத் தெறி, பட்டன், தைச்சுக்கொண்டிருந்தவளாம். ரண்டு கையும் வெந்துபோச்சு. ஆசுப்பத்திரியிலையிருந்து பரீதா போன் எடுத்தவ. அக்கா, ஆரையும் கண்டனீங்களோ எண்டு கேட்டவ. இல்லையெண்டு சொல்லிப்போட்டன். வெக்கமாக் கிடக்கு.

ஓம், கண்டனான். மூண்டு பேர், முகத்திலை துண்டு. துண்டு கட்டினால் நடை மாறுமே? ரண்டு பேரை எனக்குத் தெரியாது. மற்றவனை எழுதுங்கோ. டிலக்ஷன். தகப்பன் பேர் தியாகராசா. பதினெட்டு வயது.

விலாசமோ? மேலை என்ரை பேருக்குக் கீழை எழுதியிருக்கிறியளே, அதுதான் சேர்.