மந்தாரை இலை உரம்

மயிலாப்பூர் குளத்து ஸ்டாப்பில் ஏறிய இரண்டு அம்மாக்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே ஒருவர் சொன்னார்:

"எங்காத்து மந்தாரை மரத்தை நான்தான்டி கொன்னேன்."

நான் போனை மடியில் வைத்தேன்.

"என்ன விஜி, உளர்றே?"

"எலையெல்லாம் புள்ளி விழுந்து உதிர்ந்துதோன்னோ? வீணாப் போக வேண்டாம்னு தினம் பெருக்கி அதோட அடியிலயே போட்டேன். அந்த எலைலதான் நோயே இருக்காம். மழை தெறிச்சா மறுபடி மேலே ஏறிடுமாம். நர்சரிக்காரர் இப்பத்தான் சொல்றார், மரத்தை வெட்டினப்புறம்."

"புள்ளின்னா எப்படி? சுத்தி மஞ்சளாவா?"

"ஆமா, நடுவுல கறுப்பு. அய்யோ, உனக்கும் ஒரு மூட்டை எலை உரம் குடுத்தேனே! உங்காத்து மந்தாரை எப்படிடி இருக்கு?"

"அதுக்கென்ன, நன்னா இருக்கு. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

மந்தைவெளியில் விஜி இறங்கி, ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார். பஸ் நகர்ந்ததும் மற்றவர் போனை எடுத்தார்.

"ஏன்னா, வாசல் மரத்தடியில கெடக்கற எலையெல்லாம் உடனே வாரி வெளில கொட்டிடுங்கோ. நம்ம மரத்துக்கும் புள்ளி வந்திருக்குன்னு விஜிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்கோ."