பத்தொன்பதாம் பக்கத்து ஓட்டை

நான் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறவன். மாடிப்படியைக்கூட அப்படித்தான் எண்ணுவேன். தரைதான் எனக்குப் பூஜ்ஜியம். எங்கள் கணிதத் துறையில் வேறு யாருக்கும் இந்தப் பழக்கம் இல்லை. விசாரணைக் குழுவினரான நீங்கள் முதலில் கேட்டதே இதைப் பற்றி என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் கேள்வி எளியது. சில மாறிகள் வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. குலம் என்று நாங்கள் சொல்லும் ஓர் இடமாற்றத் தொகுப்பு அவற்றை இடம் மாற்றி மாற்றி உட்கார வைக்கிறது. எப்படி மாற்றினாலும் மாறாமல் நிற்கும் கோவைகள் எல்லாம் சேர்ந்தது நிலைப்புலம். மாறிகள் எத்தனையோ அத்தனை கோவைகளை மட்டும் வைத்து, அந்தப் புலம் முழுவதையும் கட்டிவிட முடியுமா? சில குலங்களுக்கு முடியும், சிலவற்றுக்கு முடியாது. ஒரு குலத்துக்கு முடியும் என்று காட்ட நான் பதினோரு வருஷம் மாரடித்தேன்.

என் அறையில் எதிர் மேசையில் இருந்தவள், முடியாது என்று ஏழே மாதத்தில் காட்டிவிட்டாள்.

ஏழு மாதத்தில் அது யாருக்கும் வராது. நான் டீ குடிக்கப் போகும்போது கரும்பலகையை அழிப்பதில்லை. திரும்பி வந்தால் அவள் நாற்காலி பலகைப் பக்கம் திரும்பியிருக்கும். என் மேசை இழுப்பறை ஒரு விரல் அளவு திறந்திருக்கும். ஒரு நாள் அவளே வாயை விட்டாள்.

"சார், மூலையில எழுதிப் போட்டிருந்தீங்களே, அதைப் பார்த்துதான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஆனா ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க சார், உலகமே அப்படித்தானே எண்ணுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எடுத்துக்கொண்டு நன்றியும் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை.

பிறகு ஒரு பத்திரிகை அவள் கட்டுரையை மதிப்பிடச் சொல்லி எனக்கே அனுப்பியது. இருவரும் ஒரே அறை என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மதிப்பிடுகிறவர் யார் என்று எழுதியவருக்குச் சொல்வதில்லை, அதுதான் முறை. கட்டுரை வெளிவந்தால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். இரண்டு வருஷம் கெடு.

பத்தொன்பதாம் பக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று எழுதினேன். அடிப்படைப் புலத்தை, அதாவது கணக்கில் அனுமதிக்கும் எண்களின் கூட்டத்தை, பெரிதாக்கினால் அந்தப் படி உடைந்துவிடும் என்றேன். அது உண்மை. அவள் புலத்தைப் பெரிதாக்கவே இல்லை என்பதும் உண்மை.

அவள் அந்தக் குறிப்பை என்னிடமே கொண்டுவந்து காட்டினாள்.

"எவ்வளவு தேடியும் ஓட்டை கண்ணுல படல சார். நீங்களாவது பாருங்களேன்."

"படும்மா. நிதானமாப் பாரு."

பார்த்தாள். மதியச் சாப்பாட்டை விட்டாள், பிறகு வீட்டுக்குப் போவதையே விட்டாள். மேசையில் பத்தொன்பதாம் பக்கத்தின் நாற்பது பிரதிகள் இருந்தன. இரண்டு முறை திருத்தி அனுப்பினாள். இரண்டு முறையும் ஓட்டை அடைபடவில்லை என்று எழுதினேன். தினமும் நானே அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கெடு முடிந்து வேலை போனது. மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். போய்ப் பார்த்தேன். கையில் சாக்பீஸ் இல்லாமலே சுவரில் விரலால் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டை இருக்கா சார்?"

"இருக்கும்மா" என்றேன்.

ஓட்டை இல்லை. முதல் நாளே தெரியும். நான் படித்த நிரூபணங்களில் அவ்வளவு சுத்தமானது வேறு இல்லை.

அவள் அண்ணன் கொண்டுவந்த நோட்டை நீங்கள் என் முன் வைத்தீர்கள். அதுவரை ஒன்றிலிருந்தே எண்ணியவள், மருத்துவமனையில் அதே நிரூபணத்தை முதலிலிருந்து எழுதியிருக்கிறாள். மாறிகளின் வரிசை எண்கள் எல்லாம் பூஜ்ஜியத்தில் தொடங்குகின்றன, என் மதிப்பீட்டுக் குறிப்பில் இருப்பது போலவே. ஏன் இப்படி என்று அண்ணன் கேட்டாராம். "அவருக்குப் புரியட்டும்னுதாண்ணா" என்றாளாம்.

இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டீர்கள். நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிவருவதுதான். அதையும் என்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறாள்.