அண்ணியின் அட்டையில் முந்நூறு

ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒரே குழாய். விடியற்காலையில் மட்டும் தண்ணீர் வரும். பெரிய சண்டை ஏதும் இல்லாமல் ஆளுக்கு இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போவோம். பாஞ்சாலி அண்ணி கல்யாணமாகி வரும்வரை அப்படித்தான் இருந்தது.

அண்ணி கோலார் தங்கவயல்காரி. வந்த புதிதில் அவள் கை கழுவுவதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. போகப்போக ஒரு குடம் தண்ணீரும் கைக்கே தீர்ந்தது. கழுவி முடித்ததும், குழாயைத் தொட்டுவிட்டோமே என்று மறுபடியும் கழுவுவாள். விரலிடுக்கில் தோல் வெந்ததுபோலப் பிளந்து கிடக்கும்.

"இன்னாம்மா, தங்கவயல்ல தங்கத்தக் கழுவின பழக்கமா?" என்று பக்கத்து வீட்டு கோவிந்தப்பா கேட்பார். அண்ணியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த சொம்பை எடுப்பாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் வாசலிலேயே நிற்க வேண்டும். கால் கழுவி, பாவாடை மாற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். "கோச்சுக்காத சரசு. நீ கலீஜுன்னு சொல்லல. என் புத்திதான் சரியில்ல. தெரியுது, வுட முடியல" என்பாள். எப்போது கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. அண்ணனைப் பார்த்தால்தான் ஒரு மாதிரி இருக்கும். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவன் அவன். மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்ததும் உட்காராமல் அவள் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பான். "போதும் பாஞ்சாலி, சுத்தமாயிடுச்சி பாரு" என்று ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிடுவான். ஈரப் பாவாடையோடு நான் நிற்பது அவன் கண்ணில் படாது.

ஒருநாள் சொன்னான்: "பைத்தியாஸ்பத்திரில சேத்து இவள குணமாக்கிக் கூட்டியாரப்போறேன் சரசு. அவ வர்றதுக்குள்ள ஆம்பூர் மாமன் வூட்ல உன் கல்யாணப் பேச்ச முடிச்சிடலாம். வூட்ல ஒரு ஆள் கொறஞ்சா அவளுக்கும் நிம்மதி."

"எனக்குப் பரீட்சை இருக்குதுண்ணா."

"மாமன் புள்ள உன்னப் பரீட்சையா எழுதச் சொல்லப்போறான்?"

மாமன் பிள்ளைக்கு முதல் மனைவி இறந்து வருஷம் திரும்பவில்லை. அவள் எப்படி இறந்தாள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் தார்வாடுக்காரர். அவருக்குத் தமிழ் வராது. புருஷன் எதிரில் பெண்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று அண்ணனை வெளியே உட்கார வைத்தார். வார்டு ஆயா சின்னத்தாயிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், டாக்டரின் கன்னடமும் வராது, இங்கிலீஷும் வராது. நான் கான்வென்ட்டில் படிக்கிறேன் என்றதும், அண்ணி பேசுவதை இங்கிலீஷில் சொல்லும் வேலையை என்னிடமே கொடுத்தார்.

நல்ல மனிதர். எனக்குப் புரியும்படி விளக்கினார். அவர் கையில் ஓர் அட்டை. அதன் மூலையில் ஒரு கட்டம். இப்போதெல்லாம் நோயின் பெயரை எழுதினால் போதாது, அதற்குரிய எண்ணையும் போட வேண்டுமாம். கழுவிக்கொண்டே இருப்பவர்களில் இரண்டு வகை. அந்த நினைப்பு தன்னுடையதுதான், அர்த்தமில்லாததுதான் என்று நோயாளிக்கே தெரிந்தால் முந்நூற்றுப் பதின்மூன்று. அவர்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள். யாரோ காதில் சொல்லிச் செய்ய வைப்பதாக நம்பினால் முந்நூறு. அவர்களுக்குப் பின்கட்டு வார்டு. "எல்லாம் அவள் பதிலில்தான் இருக்கிறது. சொல்வதை அப்படியே சொல்" என்றார்.

நான் அண்ணியிடம் கேட்டேன்.

"கை சுத்தமாத்தான் இருக்குன்னு எனக்கே தெரியும் சரசு. கிறுக்குத்தனம்தான். யாரும் சொல்லல, என் மனசுதான் புடுங்குது" என்றாள்.

சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் 'கழுவு, கழுவு' என்கிறதாம், கழுவாவிட்டால் புருஷன் ரத்தம் கக்கிச் சாவான் என்று மிரட்டுகிறதாம் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். கட்டத்தில் முந்நூறு விழுந்தது.

வெளியே வரும்போது சின்னத்தாயி மறித்தாள். "இன்னா பாப்பா, அந்தம்மா சொன்னது துக்கினூண்டு. நீ அவ்ளோ நீட்டினியே?"

"இங்கிலீஷ்ல அப்டித்தான் ஆயா. நீளமா வரும்."

அதன்பிறகு வீட்டில் தண்ணீருக்குக் குறையில்லை. அண்ணனுக்குச் சோறாக்க ஆள் வேண்டியிருந்ததால் ஆம்பூர்ப் பேச்சு நின்றுபோனது. பரீட்சையும் எழுதினேன்.

போன வாரம் டாக்டர் மறுபடியும் கூப்பிட்டார். அண்ணிக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். குரல் நிற்பதற்கென்று தினமும் மயங்கும்வரை இன்சுலின் ஊசி போட்டுப் போட்டு முகம் ஊதியிருந்தது. பின்கட்டு வார்டில் குழாய்க்குப் பூட்டு உண்டு. அதனால் கை நன்றாக ஆறியிருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. குரல் கேட்பது நின்றிருந்தால் எண்ணை மாற்றி வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினாள். எந்நேரமும் எல்லோரும் குரலைப் பற்றியே விசாரித்ததில் அவளுக்கு விஷயம் விளங்கியிருந்தது.

"நான் சொல்லாததச் சொன்னியாடி? அய்யா, இவ என் பேச்ச மாத்திடறா. எனக்குத் தெரியாத பேச்செல்லாம் என் வாயில வெக்கிறா. இவ இருக்கிற வரிக்கும் நான் வூடு போய்ச் சேரமாட்டேன்."

சின்னத்தாயி கதவை விட்டு உள்ளே வந்துவிட்டாள். "இப்ப சொல்லு பாப்பா. அந்தம்மா சொன்னத அப்டியே சொல்லு."

 டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னேன். நான் அவள் பேச்சை மாற்றுகிறேனாம், அவளுக்குத் தெரியாத வார்த்தைகளை அவள் வாயில் வைக்கிறேனாம், நான் இருக்கும்வரை அவள் வீடு போய்ச் சேரமாட்டாளாம். எதையும் விடவில்லை, கூட்டவும் இல்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாசம் வைத்தவர்கள்மேல்தான் இவர்களுக்குச் சந்தேகம் திரும்பும். மனதில் வைத்துக்கொள்ளாதே அம்மா" என்றார். பிறகு பேனாவை எடுத்து, முந்நூறின் அடியில் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார். அண்ணியைக் கூட்டிப் போக இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சின்னத்தாயி அண்ணனிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். தட்டிக்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் புரண்டுகொண்டிருக்கிறான். அதனால்தான் குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்: "போன வாரம் அவ சொன்னத அப்டியேதான சொன்ன சரசு? அம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பொய்ச் சத்தியம் செய்கிற பெண் இல்லை நான்.