ஜன்னலுக்கு ஆறடி

படுத்த படுக்கையாக இருப்பவரை எழுப்பாமலேயே விரிப்பை மாற்ற ஒரு முறை இருக்கிறது. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டி, புதியதை அதை ஒட்டியே விரித்துக்கொண்டு போய், பிறகு மறுபக்கம் புரட்ட வேண்டும். நான்கு நிமிடம் போதும். பழக்கமில்லாதவர்கள் இழுத்துப் பறித்துத் தோலை உரித்துவிடுவார்கள். என் மாமியார் இரண்டு வருடம் நான்கு மாதம் படுத்திருந்தார். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் அதையும் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் மாத்திரையைப் பற்றித்தான் கேட்டீர்கள், மேடம். சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் எழுதிக்கொண்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருந்தவள். சபையில் பன்னிரண்டு வருடமாக உறுப்பினர். ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவேன், பாட்டுப் புத்தகங்களைப் பொறுக்கி அலமாரியில் வைப்பேன். போதகர் என்னைப் பார்த்தால், "வாங்க சிஸ்டர், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போது அவர் கண் அடுத்த ஆளிடம் போயிருக்கும். புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஆளுக்கொரு சாட்சி சொல்வார்கள். ஒருத்திக்குக் கட்டி கரைந்திருக்கும். இன்னொருத்தியின் புருஷன் குடியை விட்டிருப்பான். என் முறை வந்தால், "போன வாரம் முழுக்கக் கர்த்தர் காப்பாத்தினார்" என்பேன். நாலு பேர் ஆமென் என்று முனகுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குக் கட்டியும் கிடையாது, என் கணவர் டீயைத் தவிர வேறெதையும் குடித்ததும் கிடையாது.

என் சுபாவமும் அப்போது சரியில்லை. வெடுக்கென்று பேசுவேன். யாராவது நன்றாக இருந்தால் எனக்கு வயிறு எரியும். இதை எல்லாம் நான் மறைக்கவில்லை. மேடையிலேயே சொல்லியிருக்கிறேன்.

அத்தை பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருடம், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். குரல் கடைசி சீட்டுவரை கேட்கும். சபைக்கு எப்போதாவது வருவார். பிரசங்கம் நீண்டால், "ஸ்டாப்பிங் வந்தும் இறங்க மாட்டேங்கறாரே" என்று என் காதில் ரகசியமாகச் சொல்வார். முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.

ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் குழறியது. என் கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், அவரால் வீட்டில் இருக்க முடியாது. நான் வேலையை விட்டேன். முதல் மூன்று மாதம் வாய்விட்டுச் சபித்தேன். துணி அலசும்போது சபிப்பேன், பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன்.

பிறகு ஒரு மத்தியானம் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். சூடு கூடிவிட்டது போலிருக்கிறது. அத்தை நல்ல கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். "என் வாய் என்ன ரேடியேட்டரா?" என்றார். என் முகம், கழுத்து எல்லாம் சூப். வேறொரு நாளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கேரட் துண்டு தாடையிலிருந்து மெதுவாக மடியில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே யாரோ விளக்குப் போட்டதுபோல இருந்தது. நான் நான்தானா என்று தோன்றியது. அதுதான் என் ஆத்தும எழுப்புதல். நீங்கள் சிரிக்கலாம், ஆனால் அது உண்மை. அந்த ஒன்றில் மட்டும் யாரும் என்னைச் சந்தேகப்பட முடியாது.

புதன்கிழமை அதைச் சொன்னேன். யாரும் முனகவில்லை. மூக்குறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். பேசி முடித்ததும், "எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" என்று கேட்டார். நான் பதிலை முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்ற சபைகளிலிருந்தும் அழைத்தார்கள். உள்ளான மனுஷன் புதிதாவது எப்படி என்பதுதான் என் பேச்சு. சில சகோதரிகள் வீட்டுக்கே வந்து, கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்துவிட்டுப் போவார்கள். "டிக்கெட் எடுத்துட்டு ஏறச் சொல்லும்மா" என்பார் அத்தை. பாவம், நினைவு தப்பிப் பேசுகிறார் என்று அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

நான் நடிக்கவில்லை, மேடம். எரிச்சல் போய்விட்டது. பொறாமை போய்விட்டது. மலம் அள்ளும்போது பாட்டுப் பாடினேன். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிசியோதெரபிப் பெண் வருவாள். சின்ன வயது. ஒரு பையில் ரப்பர் பட்டை, பந்து, ஒரு நோட்டு. "கண்டக்டரம்மா, வண்டியை எடுக்கலாமா?" என்பாள். "ரைட், போலாம்" என்பார் அத்தை. அவளிடம் பேசும்போது அவருக்கு வாய் குழறாது. எட்டாவது மாதம் உட்கார வைத்தாள். பத்தாவது மாதம் நிற்க வைத்தாள். அப்புறம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஓரடி, இரண்டடி. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு ஆறடி. ஜன்னலில் நின்றால் பஸ் திரும்பும் முனை தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஆறடியையும் நடந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "எவன்டா அவன், திருப்பத்துல இந்த வேகத்துல வர்றான்?" என்று ஜன்னல் வழியே கத்தினார். என் கணவர் தரையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். நானும் கை தட்டினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு போதகரிடம் சொன்னேன். "கர்த்தர் உங்க ஜெபத்தைக் கேட்டுட்டார் சிஸ்டர். இனி உங்களுக்கு இளைப்பாறுதல்தான்" என்றார். ஆமென் என்றேன். பிறகு அவரே, "வர்ற சகோதரிகள் மாநாட்டுல உங்களைப் பேச வைக்கலாம்னு இருந்தோம். தலைப்பு 'சிலுவை சுமக்கிறவள்'. இப்ப உங்களுக்குப் பொருந்தாதே. மூணாவது வரிசை சிஸ்டரைக் கேட்டிருக்கோம். அவங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு" என்றார். கடைசி வரியை ஒருவருடைய பட்டங்களைப் படிப்பதுபோலச் சொன்னார்.

அன்று நாற்காலிகளை நான் அடுக்கினேன். வேண்டாம் சிஸ்டர் என்று யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மாடி வீட்டுக்காரி காயப்போட்ட துணி சொட்டுகிறது என்று வாசலில் நின்று கத்தினேன். கத்திவிட்டுத்தான் கவனித்தேன், அது என் பழைய குரல். எனக்குப் பயமாகிவிட்டது. அத்தை ஓரடி முன்னால் வைத்தால் நான் ஓரடி பின்னால் சறுக்கினேன். ஒரு வருடமாகக் கர்த்தர் எனக்குள் கட்டியதெல்லாம் அவர் காலடியில் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஆத்துமா பெரிதா, ஒரு ஜோடிக் கால் பெரிதா? நீங்களே சொல்லுங்கள்.

மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தேன். மூன்றாம் நாள் கத்தரிக்கோல் தேடி மேஜை இழுப்பறையை இழுத்தபோது கையில் ஒரு மாத்திரைப் பட்டை வந்தது. ஆரம்பத்தில் கைகால் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் கொடுத்தது. பிசியோப் பெண்தான் டாக்டரிடம் பேசி அதை நிறுத்தினாள். "இதைப் போட்டா காலு துவண்டு போயிடும்க்கா, நடக்கவே முடியாது" என்று சொல்லியிருந்தாள். கத்தரிக்கோலைத் தேடிய கையில் அது வந்ததை நீங்கள் என்னவென்று சொல்வீர்களோ, எங்கள் சபையில் அதற்கு வழிநடத்துதல் என்று பெயர்.

பாதியில்தான் தொடங்கினேன். செவ்வாய், வெள்ளி மட்டும், காலை ஓட்ஸில். பொடிப்பதற்கு முன்னால் கண்ணை மூடி ஜெபிப்பேன். ஜெபிக்காமல் ஒருநாளும் கொடுத்ததில்லை.

பிசியோப் பெண்ணின் நோட்டில் ஆறடி நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று. பிசியோப் பெண் வாக்கரின் ரப்பரை மாற்றிப் பார்த்தாள், செருப்பை மாற்றிப் பார்த்தாள், டாக்டரைக் கேட்டாள். வயசு அப்படி என்றார் டாக்டர். மூன்று மாதம் முன்னேற்றம் இல்லையென்றால் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார்களாம், அது அவர்கள் விதி. கடைசி நாள் அத்தையின் இடது பாதத்தை மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். "நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றாள். நான் டீ போட்டுக் கொடுத்து, மனிதப் பிரயாசத்துக்கு ஒரு எல்லை உண்டு என்று தேற்றி அனுப்பினேன். அதற்குப் பிறகு தினமும் கொடுத்தேன், ஏனென்றால் என் கணவர் வேலைக்குப் போகுமுன் தானே நடக்க வைத்துப் பார்க்கத் தொடங்கினார். பட்டை தீர்ந்தால் பழைய சீட்டைக் காட்டி வாங்குவேன். மருந்துக் கடைக்காரர் எங்கள் சபைதான்.

மாநாட்டில் நான்தான் பேசினேன். மூன்றாவது வரிசை சகோதரியால் முடியவில்லை. பாவம், அவர் கணவருக்கு மாற்றுக் கிட்னி கிடைத்துவிட்டது. நானூறு பெண்கள். பேசி முடித்ததும் என் கையைத் தொட வரிசையில் நின்றார்கள்.

அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஒரு மத்தியானம் தலை வாரிவிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"ஓட்ஸ் கசக்குதும்மா."

நான் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இருபத்தாறு வருசம் முகத்தைப் பார்த்தே யாரு டிக்கெட் எடுக்கலன்னு சொன்னவ நான். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?"

"அவர்கிட்ட ஏன் சொல்லல அத்தை?"

"சொன்னா நம்புவானா? ஊரே உன்னைக் கையெடுத்துக் கும்பிடுது. கெழவிக்கு மூளையும் போச்சுன்னு சொல்லிடுவான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். கோபமாகப் பேசவில்லை. பாக்கிச் சில்லறையைப் பேசி முடிப்பவர்போல நிதானமாகத்தான் பேசினார். "இங்க பாரு. நாம ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு பண்ணிக்குவோம். வெளிய நான் படுத்தே கெடக்கறேன்னு சொல்லிக்கோ. எங்க வேணும்னாலும் போய்ப் பேசு. ஆளுங்க வந்தா நான் படுத்துக்கறேன், வேணும்னா ரெண்டு முனகலும் முனகறேன். மத்த நேரம் நான் ஜன்னல் வரைக்கும் நடந்துக்கறேன். அவ்ளோதான் கேக்கறேன்."

நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது பொய்யில்லையா அத்தை? நான் இப்பல்லாம் பொய் சொல்றதில்ல."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தைத் துடைத்துவிட்டேன். ஈரமாக இருந்தது.

அதன் பிறகு நான் ஊட்டினால் வாயிலேயே அடக்கிவைத்திருந்து, நான் திரும்பியதும் காகிதத்தில் துப்பி, தலையணை உறைக்குள் ஒளித்திருக்கிறார். மகன் கையால் கொடுக்கும் ரொட்டியை மட்டும்தான் விழுங்கியிருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் காலில் பிடிப்பு வருவது, துடைத்துவிடும் கைக்குத் தெரியுமே. அதனால் அந்தச் சனிக்கிழமை காலை, என் கணவர் கையில் கொடுத்தனுப்பிய டீயில் போட்டேன். இரண்டு.

பத்து மணிக்கு வெளியூர்ச் சபையிலிருந்து ஏழு சகோதரிகள் வந்திருந்தார்கள். கூடத்தில் உட்கார வைத்து ஜெபத்தைத் தொடங்கினேன். முதல் நாள் மகனிடம் கேட்டு, அத்தை தன் பழைய யூனிஃபார்ம் சட்டையை எடுத்து வைத்திருந்தார். எதற்கென்று நான் யோசிக்கவில்லை. ஒற்றைக் கையாலேயே அதைப் போட்டுக்கொண்டு, வாக்கரைப் பிடித்து, அவர்கள் முன்னால் நடந்து வரப் பார்த்திருக்கிறார். எத்தனை அடி வைத்தார் என்று தெரியவில்லை. கால் துவண்டு, கட்டிலின் இரும்பு முனையில் தலை இடித்திருக்கிறது.

சத்தம் கேட்டது. "ஏம்மா" என்று ஒருமுறை கூப்பிட்டதும் கேட்டது. ஒரு சகோதரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவர் தோளில் கை வைத்து அமர்த்தினேன். ஜெபத்தைப் பாதியில் விடக் கூடாது. பதினான்கு விண்ணப்பங்கள் இருந்தன. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். உள்ளே போனபோது அத்தை சட்டையின் மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் போட்டிருந்தார். அதைச் சரி செய்தேன். இருபது நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறார் டாக்டர். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அடக்கத்துக்கு வந்த பிசியோப் பெண்தான் கட்டிலைக் காலி செய்ய உதவுகிறேன் என்று உள்ளே போனாள். தலையணை உறையிலிருந்த காகிதப் பொட்டலங்களைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள், நாக்கிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்காகவும் ஜெபிக்கிறேன். என் கணவர்தான் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை.

ஆம், மேடம். மாத்திரை கொடுத்தது நான்தான். ஒரு வருடமும் இரண்டு மாதமும் கொடுத்தேன். அவர் நடக்கக் கூடாது என்பதற்காகவே கொடுத்தேன். விழுந்த சத்தம் கேட்டும் போகவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் போனதில் என்னைவிட நஷ்டப்பட்டவர் யாரும் இல்லை. இந்த ஒன்பது நாளில் எத்தனை பேரிடம் வெடுக்கென்று பேசிவிட்டேன் தெரியுமா? உங்கள் வாசல் காவலர் பெண்ணைக்கூட ஏதோ சொல்லிவிட்டேன்.

நேற்றிலிருந்துதான் கொஞ்சம் சமாதானமாக இருக்கிறது. என்னோடு அறையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டிருக்கிறீர்கள். கணுக்கால் வீங்கி, எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் சோறு ஊட்டுகிறேன், கழிவறைக்கும் தாங்கிக்கொண்டு போகிறேன். இரவு தூக்கம் நன்றாக வந்தது. காலையில் உங்கள் டாக்டர் வந்து பார்த்து, சாதாரணச் சுளுக்குத்தான், நாலு நாளில் நடந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், மேடம்.